ஒன்பது கோளங்களும் ஒரு நாணயமும்

பிரஸ்ஸல்ஸ் நகரின் நடுவே கண்ணாடிக் கூரை வேய்ந்த பழைய அங்காடி வீதி ஒன்று உண்டு. 1847ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்த வீதியில்தான், 1912இல் நோய்ஹௌஸ் என்னும் மருந்துக்கடைக் குடும்பத்தார், உள்ளே இனிப்புப் பூரணம் வைத்த சாக்லேட்டை முதன்முதலாகச் செய்து விற்றனர். சென்ற ஜூன் மாதம் நானும் என் மனைவியும் அவ்வீதியில் இருந்த கடையொன்றில் பேரனுக்காகச் சிறு பெட்டி ஒன்று வாங்கினோம். மீதிச் சில்லறையை எண்ணினேன். வங்கியில் 34 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவனுக்குச் சில்லறையை எண்ணாமல் பைக்குள் போட மனம் வராது. அவற்றுள் ஓர் இரண்டு யூரோ நாணயம் தனித்துத் தெரிந்தது. மன்னரின் முகம் இருக்கவேண்டிய பக்கத்தில், குழாய்களால் பிணைக்கப்பட்ட ஒன்பது உருண்டைகள் பொறிக்கப்பட்டிருந்தன. ஆண்டு 2006.

அந்த உருண்டைகளைக் காண்பதற்கென்றே மறுநாள் முழுவதையும் ஒதுக்கியிருந்தோம். பாரிசுக்கு ஈபிள் கோபுரம் எப்படியோ, பெல்ஜியத்தின் தலைநகரான பிரஸ்ஸல்ஸுக்கு அட்டோமியம் அப்படி. நாணயத்தைத் தனியே மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். பேரனுக்குச் சாக்லேட்டைவிட இதுவே நல்ல பரிசு என்று எண்ணினேன்.

மறுநாள் காலை ஆறாம் எண் மெட்ரோவில் ஏறி, நகரின் வடக்குப் பகுதியில் உள்ள ஹெய்சல் நிலையத்தில் இறங்கினோம். நிலையத்தைவிட்டு வெளியே வந்து சற்று நடந்ததும், மரங்களுக்கு மேலே அது எழுந்து நின்றது. நாணயத்தில் விரல் நகமளவு கண்ட உருவம் 102 மீட்டர் உயரத்தில் வெயிலைத் தெறித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கோளத்தின் குறுக்களவும் 18 மீட்டர். நம் ஊரில் ஆறு மாடி வீடொன்றின் உயரம் ஏறத்தாழ அவ்வளவுதான். படங்களில் பலமுறை பார்த்திருந்தும், நேரில் கண்டபோது ஒரு கணம் நின்றுவிட்டோம். நம் காலத்தில் கட்டப்பட்டது போலவும் இல்லை. பழங்காலத்தது போலவும் இல்லை. எங்கிருந்தோ வந்து இறங்கியது போல் இருந்தது.

அது குறிப்பது ஓர் இரும்புத் துகளை. இரும்பின் அணுக்கள் சாதாரண வெப்பநிலையில் கனசதுர வடிவில் ஒழுங்காக அமைகின்றன. எட்டு மூலைகளில் எட்டு, நட்ட நடுவில் ஒன்று, ஆக ஒன்பது. அந்த ஒரே ஒரு கனசதுரத்தை 16,500 கோடி மடங்கு பெரிதாக்கி, ஒரு முனையில் நிற்கும்படி நிறுத்தி வைத்ததே அட்டோமியம். இம்மடங்கின் பருமையை உணர வீட்டுக்கணக்கு ஒன்று போட்டுப் பார்த்தேன். ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள ஆணியை இதே அளவில் பெருக்கினால் அதன் நீளம் 16 லட்சத்து 50 ஆயிரம் கிலோமீட்டர் ஆகும். நிலவுக்குச் செல்லும் தொலைவைப் போல் நான்கு மடங்குக்கும் மேல்!

இதனை வடிவமைத்தவர் அந்திரே வாட்டர்கெயின் என்னும் பொறியாளர். பெல்ஜிய உலோகத் தொழில் நிறுவனங்களின் கூட்டமைப்பில் பணியாற்றியவர். கட்டடக்கலைஞர்களான போலாக் சகோதரர்கள் அவருடன் இணைந்தனர். அணு, அலுமினியம் என்னும் இரு சொற்களையும் சேர்த்தே அட்டோமியம் என்று பெயரிட்டனர். 1958இல் பிரஸ்ஸல்ஸில் நடந்த உலகப் பொருட்காட்சியின் மையச் சின்னமாக இது எழுந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நடந்த முதல் பெரும் உலகப் பொருட்காட்சி அது. ஏப்ரல் 17 அன்று தொடங்கி அக்டோபர் 19 அன்று முடிந்த அந்த ஆறு மாதங்களில் நான்கு கோடிக்கும் மேற்பட்டோர் வந்து சென்றனர்.

அந்த ஆண்டின் மனநிலையைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஹிரோஷிமா நிகழ்ந்து 13 ஆண்டுகளே ஆகியிருந்தன. ஆயினும் அதே அணு இனி வீடுகளுக்கு விளக்கேற்றும், நோய்களைத் தீர்க்கும், உழைப்பைக் குறைக்கும் என்று உலகம் நம்பத் தொடங்கியிருந்தது. முந்தைய ஆண்டு ரஷ்யா ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியிருந்தது. அதன் மாதிரியை இங்கே கொண்டுவந்து காட்டியது. பொருட்காட்சி தொடங்குவதற்குச் சில மாதங்களுக்கு முன், 1958 ஜனவரி 1 அன்று, ஐரோப்பியப் பொருளாதாரச் சமுதாயம் நடைமுறைக்கு வந்திருந்தது. ஒருவரோடொருவர் போரிட்டு மாண்ட நாடுகள் ஒரே சந்தையாக இணைந்த காலம். ஒன்பது கோளங்களும் அந்த நம்பிக்கையைத்தான் பளபளக்கச் சொல்லின.

ஆனால் அதே பொருட்காட்சியில் இன்னொரு காட்சியும் இருந்தது. காங்கோ அப்போது பெல்ஜியத்தின் குடியேற்ற நாடு. காங்கோ அரங்கில் ஒரு ‘கிராமம்’ அமைத்து, மூங்கில் வேலிக்கு அப்பால் காங்கோ நாட்டுக் கைவினைஞர்களை அமர்த்திக் காட்டினர். வேடிக்கை பார்க்க வந்தவர்களில் சிலர் வேலிக்கு மேலாக வாழைப்பழங்களையும் நாணயங்களையும் அவர்கள்மீது எறிந்தனர். அந்த இழிவைப் பொறுக்க மாட்டாமல் அவர்கள் பொருட்காட்சி முடியுமுன்பே தாயகம் திரும்பினர். இரண்டே ஆண்டுகளில், 1960 ஜூன் 30 அன்று, காங்கோ விடுதலை பெற்றது. அமெரிக்கா அணுகுண்டு செய்யப் பயன்படுத்திய யுரேனியத்தில் பெரும்பகுதி அதே காங்கோவின் ஷின்கோலோப்வே சுரங்கத்திலிருந்து வந்தது என்பதையும் சேர்த்து நினைத்தால், அணுவைப் போற்ற எழுந்த இந்தக் கோபுரத்தின் நிழல் எவ்வளவு நீளமானது என்று விளங்கும். சுற்றுலாக் கையேடுகள் கோளங்களின் அளவைச் சொல்லும் அளவுக்கு இதனைச் சொல்வதில்லை.

உள்ளே செல்வோம். நுழைவாயிலிலிருந்து நடுத்தண்டு வழியாக மேலேறும் மின்தூக்கி, 23 விநாடிகளில் உச்சிக் கோளத்தை அடைந்துவிடுகிறது. 1958இல் ஐரோப்பாவிலேயே மிக விரைவானது என்று பெயர் பெற்ற மின்தூக்கி அது. காதடைப்பு நீங்குமுன் கதவு திறந்துவிட்டது. சுற்றிலும் கண்ணாடிப் பலகணிகள். கீழே, ஐரோப்பிய நாடுகளின் புகழ்பெற்ற கட்டடங்களைச் சிற்றுருவில் செய்து வைத்திருக்கும் பூங்கா ஒரு பொம்மைக் கொலு போலத் தெரிந்தது. மறுபுறம் மன்னர் போதுவான் விளையாட்டரங்கம். ஹெய்சல் அரங்கம் என்ற பெயரில் அது இருந்தபோது, 1985இல், ஐரோப்பியக் கால்பந்துக் கோப்பையின் இறுதி ஆட்டம் தொடங்குமுன் நெரிசலில் 39 பேர் உயிரிழந்தனர். தொலைவில் கூக்கல்பெர்க் பேராலயத்தின் பச்சைக் கூம்பு. அதற்கும் அப்பால், நகர மன்றக் கோபுரத்தின் ஊசிமுனை.

உச்சியிலிருந்து இறங்கியபின் மற்றக் கோளங்களுக்கு நகரும் படிக்கட்டுகள் வழியே செல்ல வேண்டும். சாய்வான குழாய்களுக்குள் அமைந்த அப்படிக்கட்டுகளில் மிக நீளமானது 35 மீட்டர். இருளில் வண்ண விளக்குகள் ஓடிக்கொண்டிருந்தன. என் மனைவிக்கு இது சிறிதும் பிடிக்கவில்லை. கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு கண்களை மூடியபடியே மேலேறினார். கோளங்களுக்குள் 1958இன் புகைப்படங்கள், வரைபடங்கள், அக்கால நாற்காலிகள் ஆகியவற்றைக் காட்சிக்கு வைத்துள்ளனர். ஒன்பதில் ஆறு கோளங்களுக்குத்தான் மக்கள் செல்ல முடியும். மேல்வரிசையில் புறத்தே நிற்கும் மூன்று கோளங்களுக்குக் கீழிருந்து தாங்கும் தூண் இல்லை. எனவே பாதுகாப்புக் கருதி அவற்றை மூடியே வைத்திருக்கிறார்கள்.

என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது இந்தக் கோபுரத்தின் அகவை. இது ஆறு மாதங்களுக்காக மட்டும் கட்டப்பட்டது. பொருட்காட்சி முடிந்ததும் பிரித்துவிடுவதே திட்டம். மக்கள் அதனை விரும்பிவிட்டதால் அப்படியே நிறுத்தி வைத்தனர். ஆனால் ஆறு மாதத்துக்கென்று போர்த்திய அலுமினியத் தகடுகள் அரை நூற்றாண்டு எப்படித் தாங்கும்? ஒளி மங்கியது, மழைநீர் கசிந்தது. எதிர்காலத்தின் சின்னம் என்று புகழப்பட்டது, பார்ப்பவர் இரங்கும் பழம்பொருளாயிற்று. வங்கியில் கடன் விண்ணப்பங்களைப் பரிசீலித்த காலத்தில் நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “கட்டுவதற்கு வழி சொல்லிவிட்டீர்கள், பராமரிப்புக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்?” பலரிடம் விடை இருக்காது. பிரஸ்ஸல்ஸிடமும் நெடுங்காலம் இல்லை.

இறுதியில் 2004ஆம் ஆண்டு அட்டோமியத்தை மூடிப் பணியைத் தொடங்கினர். மங்கிய அலுமினியத்தை முழுவதும் கழற்றிவிட்டுத் துருப்பிடிக்காத எஃகுத் தகடுகளைப் பொருத்தினர். நம் சமையலறையில் எவர்சில்வர் என்று வழங்குகிறோமே, அந்த இனம்தான். கழற்றிய பழைய முக்கோணத் தகடுகளை நினைவுப் பொருளாக மக்களுக்கே விற்று, செலவின் ஒரு பகுதியை ஈடுகட்டினர். தகடு ஒன்றின் விலை 1,000 யூரோ. தேய்மானக் கணக்கில் மதிப்பிழந்த பொருளை நினைவின் பெயரால் விலையாக்கிய அந்தச் சாதுரியத்தை நான் மெச்சினேன். 2006 பிப்ரவரியில் கோளங்கள் மீண்டும் பளபளப்புடன் திறக்கப்பட்டன. என் சட்டைப்பையில் இருந்த இரண்டு யூரோ நாணயம் அந்தச் சீரமைப்பின் நினைவாக வெளியிடப்பட்டதே.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இக்கட்டடத்தின் தோற்றம் காப்புரிமைக்கு உட்பட்டிருந்ததால், 2016இல் பெல்ஜியம் தன் சட்டத்தைத் திருத்தும் வரையில், இதன் படத்தை வணிக நோக்கில் வெளியிட முன் அனுமதி தேவைப்பட்டது. அணுவின் எதிர்காலமும் பெல்ஜியத்தில் நேர்க்கோட்டில் செல்லவில்லை. அணுமின் நிலையங்களைப் படிப்படியாக மூடுவதென்று 2003இல் சட்டம் இயற்றினார்கள். 2025இல் அந்த முடிவைக் கைவிட்டார்கள்.

ஆறு மாதக் கட்டடம் நிலைத்த கதையைக் கேட்டபின், நிலைப்பதற்கென்றே கட்டியவை என்னவாயின என்று பார்க்கும் ஆவல் எழுந்தது. மூன்றாம் நாள் அதற்கெனவே நகரின் நடுப்பகுதியில் நடந்தோம்.

கிராண்ட் பிளாஸ் எனப்படும் பெருமுற்றம்தான் பிரஸ்ஸல்ஸின் இதயம். குறுகிய சந்து ஒன்றிலிருந்து அதற்குள் நுழையும் கணத்தை என்னால் மறக்க இயலாது. நான்கு புறமும் பொன் பூசிய முகப்புகள் நெருங்கி நிற்கின்றன. ஒருபுறம் நகர மன்றம். அதன் கோபுரம் 96 மீட்டர் உயரம். உச்சியில் தூய மிக்கேலின் சிலை. கோபுரம் கட்டடத்தின் சரிநடுவில் இல்லை. இதனைக் கண்டு மனமுடைந்த சிற்பி மேலிருந்து குதித்து மாண்டான் என்று ஒரு கதை கட்டியிருக்கிறார்கள். உண்மையில் இருபுறத்துப் பகுதிகளும் வெவ்வேறு காலங்களில் கட்டப்பட்டவை.

இம்முற்றத்தைப் பார்க்கும் எவரும் இது பல நூற்றாண்டுகளாக இடையறாது நின்றது என்றே நினைப்பர். அவ்வாறில்லை. 1695 ஆகஸ்ட் மாதம் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் படை, தளபதி வில்லெருவாவின் தலைமையில், நகரின்மீது பீரங்கிகளால் தீக்குண்டுகளைப் பொழிந்தது. 4,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் சாம்பலாயின. பீரங்கிகளுக்கு இலக்காகக் குறித்த நகர மன்றக் கோபுரம் மட்டும் விழாமல் நின்றது! உள்ளேயிருந்த ஆவணங்களும் ஓவியங்களும் எரிந்துபோயின. வெண்ணெய் வணிகர், மதுவடிப்போர், தையற்காரர், படகோட்டிகள் என ஒவ்வொரு தொழிலாரின் சங்கமும் தத்தம் மாளிகையைச் சில ஆண்டுகளுக்குள் மீண்டும் எழுப்பின. முன்னைவிட அழகாக எழுப்பின. நாம் இன்று காணும் பொன் முகப்புகள் அந்தத் தீவிபத்தின் பிள்ளைகள். 1998இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை ஆகஸ்டில் முற்றம் முழுவதும் பெகோனியா மலர்களால் கம்பளம் விரிக்கிறார்கள். நாங்கள் சென்றது ஜூன் மாதமாதலால் அந்தப் பேறு கிட்டவில்லை.

முற்றத்தின் ஓரத்தில் அன்னப்பறவையின் உருவம் தாங்கிய மாளிகை ஒன்று இருக்கிறது. கார்ல் மார்க்ஸ் 1845 முதல் 1848 வரை இந்நகரில் வாழ்ந்தபோது, அங்கே தொழிலாளர் கூட்டங்களில் கலந்துகொண்டார். பணத்தைப் பற்றி அவ்வளவு எழுதியவர் இருந்த இடத்தில் இன்று விலையுயர்ந்த உணவகம் நடக்கிறது. இதற்குமேல் ஒரு வங்கியாளன் கருத்துச் சொல்வது முறையன்று!

அருகிலுள்ள தெருமுனையில் மனெக்கன் பிஸ் சிறுவன். 1619இல் வார்த்த வெண்கலச் சிலை. உயரம் இரண்டு அடிக்கும் குறைவு. தெருவில் நிற்பது படி. மூலச் சிலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உலகெங்கிலுமிருந்து அவனுக்கு அனுப்பப்பட்ட உடைகள் ஆயிரத்தைத் தாண்டும். “இதற்கா இவ்வளவு கூட்டம்?” என்றார் என் மனைவி. எனக்கும் அதே எண்ணந்தான்.

மிகக் கசப்பான பாடத்தை நான் கண்டது வேறோர் இடத்தில். விக்டர் ஓர்த்தா என்னும் கட்டடக்கலைஞர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இரும்பையும் கண்ணாடியையும் கொடிபோல் வளைத்து ஒரு புதுக் கலையை உருவாக்கினார். அவர் கட்டிய நான்கு மாளிகைகள் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளன. அவருடைய பெரும் படைப்பு ‘மக்கள் இல்லம்’. பெல்ஜியத் தொழிலாளர் கட்சிக்காக எழுப்பி 1899இல் திறக்கப்பட்டது. ஒளியும் காற்றும் உழைப்பாளிக்குக் கிடைக்க வேண்டிய ஆடம்பரங்கள் என்ற கொள்கையில் பிறந்த கட்டடம் அது. உலகெங்குமிருந்து கட்டடக்கலைஞர்கள் எதிர்ப்புத் தெரிவித்தும், 1965இல் அதனைப் பிரித்துவிட்டனர். வேறோர் இடத்தில் மீண்டும் நிறுவுவோம் என்று சொல்லி இரும்புப் பகுதிகளைச் சேமித்து வைத்தார்கள். அவற்றுள் பெரும்பாலானவை துருப்பிடித்தும் காணாமற்போயும் அழிந்தன. அந்த இடத்தில் இன்று சாதாரண அலுவலகக் கோபுரம் ஒன்று நிற்கிறது. நான் அதன் முன் ஐந்து நிமிடம் நின்றேன், பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. பழைமையை இவ்வாறு கண்மூடித்தனமாக இடிப்பதற்கு, நகரமைப்பு வல்லுநர்களின் அகராதியில் பிரஸ்ஸல்ஸின் பெயரையே சூட்டிவிட்டார்கள். ஆறு மாதத்துக்குக் கட்டிய அட்டோமியம் பிழைத்தது. தலைமுறைகளுக்கெனக் கட்டிய மக்கள் இல்லம் பிழைக்கவில்லை. இரண்டும் ஒரே நகரத்தில், ஏழாண்டு இடைவெளியில்!

நகரின் ஆறும் அப்படித்தான். சென் என்னும் சிற்றாறு நகரின் நடுவே ஓடியது. தொழிற்சாலைக் கழிவும் காலராவும் பெருகவே, 1867 முதல் 1871 வரை அதனை மூடிக் கூரை போட்டு மேலே அகன்ற சாலைகள் அமைத்துவிட்டார்கள். பிரஸ்ஸல்ஸின் வரைபடத்தில் ஆற்றைத் தேடுவோர் ஏமாந்து போவர்.

மனம் தெளிய ஓர் இன்பமும் கிடைத்தது. பிரஸ்ஸல்ஸ், சித்திரக்கதைகளின் தலைநகரம். டின்டினைப் படைத்த எர்ஜே இந்நகரத்தவர். நகரெங்கும் வீட்டுச் சுவர்களில் கதைமாந்தரைப் பெரிதாகத் தீட்டியிருக்கிறார்கள். ஒரு சந்தில் திரும்பியதும், மூன்று மாடி உயரத்தில் லக்கி லூக் நிற்கிறார். சிவகாசியிலிருந்து வெளிவந்த காமிக்ஸ் இதழ்களில் அவரைத் தமிழிலேயே பேசக்கேட்டு வளர்ந்த என் மகனுக்கு உடனே படமெடுத்து அனுப்பினேன். அவர் அமெரிக்கர் என்றே அவன் இத்தனை காலமும் நினைத்திருந்தான். அவரை வரைந்த மோரிஸ் பெல்ஜியத்தவர். சித்திரக்கதை அருங்காட்சியகம் அமைந்திருப்பது, இடிபடாமல் தப்பிய ஓர்த்தாவின் கட்டடம் ஒன்றில்.

தெருப்பலகைகளைக் கவனித்தபடி நடப்பது என் வழக்கம். இந்நகரில் ஒவ்வொரு பலகையிலும் பிரெஞ்சு, டச்சு என இரு மொழிகள். பெல்ஜியத்தில் மொழிப்பூசல் பழையது. 1962, 1963ஆம் ஆண்டுகளில் சட்டம் இயற்றி நாட்டின் நடுவே மொழி எல்லையே வகுத்தனர். 1968இல் லூவன் பல்கலைக்கழகம் மொழி அடிப்படையில் இரண்டாகப் பிரிந்தபோது, நூலகத்திலிருந்த நூல்களை ஒற்றைப்படை எண், இரட்டைப்படை எண் என்று பங்கிட்டுக்கொண்டார்களாம். கலைக்களஞ்சியத் தொகுதிகளின் கதி என்னவாயிருக்கும் என்று எண்ணிச் சிரித்தேன். ஆயினும் இது சிரித்து ஒதுக்கத்தக்கதன்று. அதே லூவனில் பயின்ற காமில் புல்கே என்னும் பெல்ஜியத் துறவி, தம் மண்ணில் பிரெஞ்சின் ஆதிக்கத்தைக் கண்டு வருந்தியவர். இந்தியாவுக்கு வந்து ராஞ்சியில் தங்கி, இராமகதையின் வளர்ச்சியை ஆராய்ந்து இந்தியில் பெருநூல் எழுதி, பத்மபூஷண் விருது பெற்றார். தாய்மொழியின் அருமையை இழப்பில் உணர்ந்தவர்க்குப் பிறர் மொழியின் அருமையும் விளங்கும் போலும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் அலுவலகங்கள் அமைந்த பகுதிக்கும் ஒருநாள் மாலை சென்றோம். ஒன்றியத்தின் நிர்வாக ஆணையம் இயங்கும் பெர்லேமான் கட்டடம் 1960களில் எழுந்தது. உள்ளே பூசியிருந்த அஸ்பெஸ்டாஸ் உடலுக்குக் கேடு என்று தெரியவந்ததும் 1991இல் காலி செய்து, சீராக்கி, 2004இல்தான் மீண்டும் குடிபுகுந்தனர். பராமரிப்பின் விலை இங்கும்! நகருக்குச் சற்றுத் தள்ளி லா உல்ப் என்னும் ஊர் உள்ளது. நாடுவிட்டு நாடு பணம் அனுப்ப வங்கிகள் பயன்படுத்தும் ஸ்விப்ட் செய்தி வலையமைப்பின் தலைமையகம் அங்கேதான். என் பணிக்காலத்தில் வெளிநாடு வாழ் வாடிக்கையாளர்களுக்காக எத்தனை ஸ்விப்ட் செய்திகள் அனுப்பியிருப்பேன்! அந்த ஊரின் பெயரைச் சாலைப் பலகையில் படித்தபோது, பழைய நண்பரை எதிரே கண்டது போலிருந்தது.

நமூர் வாயில் அருகே ஒரு சிறு சதுக்கம் உண்டு. காங்கோவின் முதல் பிரதமராகி, விடுதலைக்குப்பின் சில மாதங்களிலேயே கொல்லப்பட்ட பத்ரீஸ் லுமும்பாவின் பெயரை 2018 ஜூன் 30 அன்று அதற்குச் சூட்டினர். 2020இல் பெல்ஜிய மன்னர் பிலிப், குடியேற்ற ஆட்சிக்காலக் கொடுமைகளுக்குத் தம் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்தார். மூங்கில் வேலியின் கதையை அறிந்தபின் அந்தப் பெயர்ப்பலகையைப் பார்க்காமல் ஊர் திரும்ப எனக்கு மனமில்லை. பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு பலகைதான். சுற்றிலும் பேருந்துகள் ஓடிக்கொண்டிருந்தன.

செல்ல விரும்பும் அன்பர்களுக்குச் சில சொற்கள். பெல்ஜியத்துக்கு ஷெங்கன் விசா தேவை. குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடும் வேண்டும். கடையில் அட்டையை நீட்டும்போது இயந்திரம் “ரூபாயிலா, யூரோவிலா?” என்று கேட்கும். நம் பணம் என்ற பாசத்தால் ரூபாயைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். கடைக்காரரின் இயந்திரம் நிர்ணயிக்கும் மாற்று விகிதம் பெரும்பாலும் நமக்கு இழப்பையே தரும். வாழ்நாள் முழுவதும் பிறருக்கு இதைச் சொல்லிவந்த நான், பயணக் களைப்பில் முதல் நாளே ஒரு குடைக்கடையில் தவறான பொத்தானை அழுத்தினேன். மழைக்குப் பயந்து வாங்கிய குடை அதிக விலைக்கு வந்து சேர்ந்தது. அன்று மழையும் பெய்யவில்லை. மரக்கறி உண்போர் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். பெல்ஜியத்தின் புகழ்பெற்ற உருளைக்கிழங்கு வறுவலை மரபாக மாட்டுக் கொழுப்பில் பொரிப்பர். தாவர எண்ணெயா என்று கேட்டு வாங்குவது நலம்.

கடைசி மாலை மீண்டும் பெருமுற்றத்துக்கு வந்தோம். ஜூன் மாதத்தில் அங்கு இரவு பத்து மணியளவில்தான் கதிரவன் மறைகிறான். பொன் முகப்புகள் அந்திவெயிலில் கனன்றுகொண்டிருந்தன. நகர மன்ற வாயிலருகே மாணவர் ஒருவர் வயலின் வாசித்துக்கொண்டிருந்தார். நான் கோபுரத்தைப் படமெடுக்கப் பின்னோக்கி நகர்ந்தேன். திரும்பி வந்தபோது, மனைவி அந்த மாணவருக்கு முன்னிருந்த திறந்த பெட்டியிலிருந்து நிமிர்ந்துகொண்டிருந்தார்.

“ஏங்க, ரொம்ப நல்லா வாசிக்கிறான். உங்க சட்டைப்பையிலே இருந்து எடுத்து வெச்சிருந்த காசைப் போட்டேன்” என்றார். காலையில் சட்டை மாற்றும்போது அவர் எடுத்துவைத்தது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

“எந்தக் காசு?”

“ரெண்டு யூரோ. காகிதத்துலே சுத்தி வெச்சிருந்தீங்களே, அதுதான்.”

பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். சில்லறைகளுக்கு நடுவே ஒன்பது கோளங்கள் மேல்நோக்கிக் கிடந்தன. மாணவர் வாசிப்பை நிறுத்தாமல் எங்களை நோக்கித் தலைதாழ்த்தி நன்றி சொன்னார். நாங்களும் தலைதாழ்த்திவிட்டு, விடுதியை நோக்கி நடந்தோம்.